மாசினாவின் சிட்னிப் பெட்டி

என் பட்டச் சான்றிதழை எங்கள் ஊர்ப் போதகர் ஞாயிறு ஆராதனையில், மேடையில் நின்று சபைக்கு வாசித்துக் காட்டினார். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு காகிதம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை, அதே காகிதத்தை மாசினா டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து முத்திரை அசல்தானா என்று பார்த்தார்.

அவரை நான் முதலில் சந்தித்தது அப்படித்தான். சாலெலொலொகாவில், கப்பல் துறைக்கு எதிரே டயர் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். பசிபிக் கடலில் இருக்கும் சவாயி தீவின் கிராமங்களுக்கு இன்டர்நெட் கொடுக்கிற சின்னக் கம்பெனி. நெட்வொர்க் முழுவதும் மாசினாவின் பொறுப்பு.

"ஃபிஜி சுவாவுலயா படிச்சே?"

"ஆமாக்கா. முதல் வகுப்பு."

"அத யாரு கேட்டா? எந்த ஊரு நீ?"

சொன்னேன். அவர் கண் சுருங்கியது. எங்கள் முதலாளி லேயாவாசாவின் மனைவிக்கும் அதே ஊர்.

"ஓகோ. அந்தம்மா அனுப்பிவிட்ட ஆளா?"

"எனக்கு அவங்களத் தெரியவே தெரியாதுக்கா."

"ஒரே கோயில்ல பாடுறவங்க. தெரியாதாம். பட்டதாரி நல்லாத்தான் படிச்சுட்டு வந்திருக்கு."

அன்றிலிருந்து நான் பட்டதாரி. குத்துவதற்காகத்தான் அப்படிக் கூப்பிட்டார். எனக்கோ கேட்கும்போதெல்லாம் இனித்தது.

மாசினா தலைநகர் ஆப்பியாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர். அப்பா பஸ் டிரைவர். ஒரு ஓட்டலில் கேபிள் இழுக்கிற வேலையில் தொடங்கி, ஆக்லாந்தில் பல வருஷம் இருந்து தொழில் கற்றுத் திரும்பியவர். யாரையும் நம்ப மாட்டார். மதியச் சாப்பாட்டு டப்பாவில் ரப்பர் பேண்டை அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு முறையில் சுற்றி வைப்பார், திறந்தால் தெரிந்துவிடும். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு இரண்டு பதிலையும் ஒட்டிப் பார்ப்பார். கோக்கோ போட்டுக் கொடுத்தால் முதலில் மோந்து பார்ப்பார். அவர் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். ஒருநாள் அவர் என்னிடம், "தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி என் பல்லக்கூட எண்ணிப் பாத்தா" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒன்றை நம்பினார். அதுதான் சிட்னிப் பெட்டி.

உலகம் பூராவும் வீடியோக்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு பெரிய கம்பெனி. பெயர் எதற்கு? அவர்களுடைய பசிபிக் கிளை சிட்னியில். அவர்கள் எங்களுக்கு ஒரு சர்வர் பெட்டி தருவதாகச் சொன்னார்கள், சும்மாவே. ஒரு பாட்டையோ மேட்சையோ முதல் ஆள் பார்க்கும்போது அது கடல் கேபிள் வழியாக ஒரு தடவை வரும். பெட்டி அதை வைத்துக்கொள்ளும். அடுத்து கேட்கிற ஆளுக்கெல்லாம் இங்கிருந்தே கொடுத்துவிடும். எங்களுக்குக் கடல் கேபிளில் நெரிசல் குறையும், அவர்களுக்கும் மிச்சம். ஆனால் எந்த ஊர் போனை எந்தப் பெட்டிக்கு அனுப்புவது என்ற முடிவு சிட்னியில்தான். அதற்கு எங்கள் நெட்வொர்க் முகவரிகளை நாங்கள் அவர்களிடம் கொடுக்க வேண்டும். பெட்டி எங்கள் அறையில் இருக்கும், திறக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

"சும்மா குடுக்கிறவன் எதையோ எடுக்கத்தான் வர்றான்" என்று மாசினா அந்தப் பேச்சை ரொம்ப நாள் இழுத்தடித்தார். ஆப்பியாவில் கேட்டார், டோங்காவில் கேட்டார், ஃபிஜியில் ஒருவரை இரண்டு தடவை கேட்டார். கடைசியில் அவரே முதலாளியிடம் போய், "வாங்கலாம் ஐயா. நான் பொறுப்பு" என்றார்.

பெட்டி வந்தது. கேபிள் வந்து சேரும் கிராமத்தில் எங்களுக்கு ஒரு தகரக் கூரை அறை உண்டு, அதில் வைத்தோம். அதற்காகவே பெரிய ஏசி ஒன்று மாட்டினோம். அறைச் சாவி அலோய்சியோ என்ற அந்த ஊர்க்காரரிடம் இருந்தது. மாசினா ஒன்றே ஒன்று செய்தார். பெட்டி தன் உடல்நிலையைப் பற்றி அடிக்கடி சிட்னிக்கு ஒரு தகவல் அனுப்பும். அந்த வழியை அடைத்துவிட்டார். "வீடியோ வரட்டும், போகட்டும். என் அறையிலேருந்து சேதி எதுக்குப் போகணும்?" சிட்னிக்காரர்களிடம் இதைச் சொல்லவில்லை.

முதல் சில மாதங்கள் பெட்டி பிரமாதமாக ஓடியது. அதன் பிறகு ஜூலையில் தொடங்கியது வினை. பகலெல்லாம் பெட்டி ஒழுங்காகக் கொடுக்கும். பொழுது சாய்ந்ததும் தானாக ஒதுங்கிக்கொள்ளும். உடனே சிட்னிக் கம்ப்யூட்டர்கள் எங்கள் ஊர்களையெல்லாம் சிட்னிக்குத் திருப்பிவிடும். ராத்திரிச் சாப்பாடு முடித்து ஜனங்கள் போனைத் திறக்கிற நேரத்தில் மொத்தக் கூட்டமும் கடல் கேபிளில் விழுந்து அடைத்துக்கொள்ளும். ஆக்லாந்திலிருந்து மகள் பேசினால் முகம் மட்டும் உறைந்து நிற்கும். பெட்டி மறுநாள் காலைதான் திரும்ப வேலைக்கு வரும்.

சிட்னியில் எங்களுக்கென்று இருந்தவர் கேரத். அவரிடம் மாசினா பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு மாசினா. பெட்டி தானா விலகுது. அறையில ஏதாவது பிரச்சினையா?"

"என் அறைக்கு ஒண்ணுமில்ல. உங்க கம்ப்யூட்டர் ஏன் சாயங்காலமானா மட்டும் எங்களக் கழட்டிவிடுது? அத எனக்குக் காட்டுங்க."

"அது உள் விவரம். வெளிய காட்ட முடியாது. சரி, பெட்டியோட தகவல் எதுவும் எங்களுக்கு வரலையே, நீங்க ஏதும் அடைச்சு வச்சிருக்கீங்களா?"

"நானா? நான் எதுக்கு அடைக்கப்போறேன்?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தியா பட்டதாரி? திருட்டுப் பய. கடல் கேபிள் விக்கிறவனும் இவனும் கூட்டு. ராத்திரி அடைச்சாத்தானே நாம பெருசா கேபிள் வாங்குவோம்?"

"நீங்களும் பொய்தானேக்கா சொன்னீங்க?"

"நான் சொன்னது தற்காப்பு."

முதலாளி லேயாவாசா மெதுவாகப் பேசுகிறவர். அவர் ஊரில் அவருக்குத் தலைவர் பட்டம் உண்டு. எங்கள் தீவில் தலைவர் முன்னால் உட்கார்ந்து பேசுவதுதான் மரியாதை, அதனால் ஆபீஸிலும் யாரும் அவர் முன்னால் நின்றுகொண்டு பேச மாட்டோம். மாசினாவை உட்காரவைத்துச் சொன்னார்: "பிள்ளைகள் ஞாயிறு வருது. அன்னிக்கு இந்தத் தீவுல கோயில்ல வசனம் சொல்ற ஒவ்வொரு பிள்ளை மேலயும் ஆக்லாந்து, பிரிஸ்பேன் சொந்தக்காரங்க கண்ணு இருக்கும். அன்னிக்கும் அடைச்சுதுன்னா பெட்டிய மூட்டை கட்டி அனுப்பிருவேன். பொறுப்புன்னு சொன்னவங்களும் கூடவே கிளம்பிரலாம்."

மாசினா தலையாட்டினார். வெளியே வந்து படிக்கட்டில் நின்று, "வாழ்க்கையில ஒரு தடவ ஒருத்தன நம்பினேன்" என்றார்.

அன்றே கேரத்துக்குக் காரசாரமாக ஒரு மெயில் தட்டினார். ஆச்சரியம், அந்த வாரம் முழுக்கப் பெட்டி சாயங்காலமும் அசையாமல் ஓடியது. மாசினா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பயந்துட்டான்" என்றார். எல்லோருக்கும் பனிகேகே, எங்கள் ஊர் இனிப்புப் போண்டா, வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து நாங்கள் தின்றது அதுதான் முதல் தடவை. ஆனால் அடுத்த வாரமே பழைய குருடி கதவைத் திறந்தாள். "பயம் விட்டுப்போச்சு அவனுக்கு" என்றார்.

எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது. "அக்கா, போன வாரம் இங்க ஏதாவது மாறுச்சா?"

"என்ன மாறும்? அலோய்சியோகூட ஆப்பியாவுக்குப் போயிட்டாரு, தங்கச்சி மக கல்யாணம்னு."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். கண் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை நான் வேலைக்கு வந்த முதல் நாளே பார்த்திருக்கிறேன்.

"சாவி அவருகிட்ட. சாயங்காலம்தான் நடக்குது. அவரு இல்லாத வாரம் நடக்கல. எவன்கிட்டயோ காசு வாங்கியிருக்காரு பட்டதாரி. நம்ம போட்டிக் கம்பெனியா, சிட்னியா, அத நாளைக்குக் கையும் களவுமா பிடிக்கிறோம்."

மறுநாள் வெயில் இறங்கியதும் பிக்கப்பில் போனோம். வண்டி போனால் உஷாராகிவிடுவார் என்று ரோட்டோரக் கடையில் நிறுத்திவிட்டு, உள்ளே போகிற பாதையில் நடந்தோம். மாசினா தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டார். அவர் உடம்புக்கு அந்தத் துண்டால் எதையும் மறைக்க முடியவில்லை. அங்கே நிறைந்திருக்கும், பலா மரம்போன்ற ரொட்டிப்பழ மரங்களைத் தாண்டினால் அந்த ஊர்ப் போதகர் வீடு, அதை ஒட்டி எங்கள் தகர அறை. ஏசியின் இரைச்சல் அங்கிருந்தே கேட்டது.

அப்போது மணி அடித்தது. பழைய கேஸ் சிலிண்டரில் இரும்புக் கம்பியால் அடிக்கிற மணி. மாலை ஜெப நேரம். பாதையில் இடுப்பில் லவலவாத் துணி கட்டிய வாலிபர்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். நான் நின்றுவிட்டேன். எங்கள் ஊரிலும் இதுதான் முறை. மணி அடித்துவிட்டால் ஊருக்குள் யாரும் நடமாடக் கூடாது. ஆப்பியாவில் வளர்ந்த மாசினா விறுவிறுவென்று போய்க்கொண்டே இருந்தார். ஒருவன் குறுக்கே நின்றான்.

"அக்கா, நில்லுங்க. மணி அடிச்சாச்சு."

"தம்பி, நான் நெட் கம்பெனி. அங்க ஒரு அவசரம்."

"கர்த்தருக்கும் இப்பதான் அவசரம். உக்காருங்க."

"அஞ்சு நிமிஷம் விடுப்பா."

"விட்டா எங்க அப்பாதான் அபராதம் கட்டணும். பெட்டி பெட்டியா மீன் டின். நீங்க கட்டுறீங்களா?" பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணனப் பாத்தா ஊர்க்காரர் மாதிரி இருக்கு. சொல்லக்கூடாதா?"

நான் மாசினாவின் கையைப் பிடித்து இழுத்துப் புல்லில் உட்காரவைத்தேன். வீடு வீடாகப் பாட்டு எழுந்தது. நாயும் கோழியும்கூட ஓய்ந்திருந்த அந்த நேரத்தில் பாட்டோடு சேர்ந்து கேட்ட ஒரே சத்தம் எங்கள் ஏசிதான். கர்ரென்று, போதகர் வீட்டுப் பாட்டின் மேலேயே ஏறிக்கொண்டு.

தகர அறைக் கதவு திறந்தது. அலோய்சியோ பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். ஏசி நின்றது. வெளியே வந்தார். கதவைப் பூட்டினார். தன் வீட்டுக்குள் போய்ப் பாயில் மண்டியிட்டார்.

மாசினாவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. எழுந்திருக்கப் பார்த்தார். வாலிபன் உதட்டில் விரல் வைத்தான். போனை மடியில் மறைத்துத் திறந்தார். பெட்டி எவ்வளவு வீடியோ கொடுக்கிறது என்று காட்டும் கோடு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டிய தகரத்துக்குள் சூடு எப்படி ஏறும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஊரே கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆமென் வருவதற்கு முன்னால் அது கீழே விழுந்தது. சூடு தாங்காமல் பெட்டி ஒதுங்கிவிட்டது.

ஜெபம் முடிந்து இரண்டாவது மணி அடித்ததும் மாசினா அலோய்சியோ வீட்டுக்கு ஓடினார். அவர் டாரோக் கிழங்கைப் பிட்டு வாயில் வைத்திருந்தார்.

"எதுக்கு அண்ணே ஏசிய நிறுத்துனீங்க?"

"ஜெப நேரமாச்சே அம்மா. ஜூலையில புதுப் போதகர் வந்ததும் ஊர்ச் சபையில சொல்லிட்டாரு, அந்த இரைச்சல்ல கர்த்தருக்கே பாட்டு கேக்காதுன்னு. நான் ஆப்பியா போயிருந்தப்ப யாரும் அணைக்கல. வந்ததும் எங்கிட்ட மீன் டின் வாங்கிட்டாங்க."

"அப்புறம் எப்ப போடுவீங்க?"

"சாப்பிட்டுட்டு. சாப்பாட்டுல பாதியில எந்திரிச்சா வீட்டுக்காரி விடமாட்டா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் டாரோவை மென்று விழுங்கினார். "போன தடவ நீங்க வந்தப்ப என் வீட்டு அலமாரிக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாத்தீங்க, கம்பெனி வயர் இருக்கான்னு. இதச் சொன்னா எதுக்கு டார்ச் அடிப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

திரும்பும் வழியில் மாசினா தலைத் துண்டை எடுத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதுதான் அவரை உலுக்கியது என்று நினைக்கிறேன். கேபிள் விற்கிறவன் இல்லை, போட்டிக் கம்பெனி இல்லை. அவர் அடைத்த வழி மட்டும் திறந்திருந்தால், பெட்டி முதல் நாளே சூட்டைச் சிட்னிக்குச் சொல்லியிருக்கும்.

முதலாளி விஷயத்தைக் கேட்டதும், "அலோய்சியோவ அணைக்க வேணாம்னு சொல்லிரு. முடிஞ்சுது" என்றார்.

"ஐயா, நீங்க உங்க ஊருல அப்படிச் சொல்ல விடுவீங்களா?" என்றார் மாசினா. "ஊர்ச் சபை நம்ம பாதைய அடைச்சா பெட்டி மட்டுமில்ல, கேபிளே போச்சு."

முதலாளி தாடையைத் தடவினார். "ஞாயிறு வரைக்கும்தான்" என்றார்.

கேரத்தைக் கூப்பிட்டார் மாசினா. இந்த முறை வீடியோவில்.

"கேரத், நான் ஒண்ணு காட்டணும். நீங்களும் ஒண்ணு காட்டணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல."

"எதுக்கு ஒரே நேரத்துல?"

"நான் முதல்ல காட்டிட்டு நீங்க ஓடிட்டா?"

"சரி. எண்ணுங்க."

மூன்று எண்ணினார். மூன்று சொல்லியும் இரண்டு பேரும் அமுக்கவில்லை. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்தார்கள். நான்தான் எட்டி மாசினாவின் சுட்டியை அமுக்கினேன். அடைத்து வைத்திருந்த வழி திறந்து, பெட்டியின் தகவல் கேரத்தின் திரையில் தெரிந்தது. கேரத் முகம் மாறியது. பிறகு அவரும் தன்னுடையதைக் காட்டினார், எங்கள் ஊர்களை எப்போது எங்கே திருப்பினார்கள் என்ற படத்தை. பெட்டி அடிக்கடி ஒதுங்கினால் மறுநாள் காலைவரை அதை நம்பக் கூடாது என்று அவர்களிடம் ஒரு விதி இருந்தது.

"உண்மையச் சொல்லிடறேன்" என்றார் கேரத். "எங்ககிட்ட வேற சலுகை வாங்கத்தான் நீங்க வேணும்னே அணைக்கிறீங்கன்னு நெனச்சோம். உங்களுக்குச் சொல்லாம வெளியேருந்து பெட்டிய ரெண்டு மூணு தடவ சோதிச்சும் பாத்தோம்."

மாசினா என் பக்கம் திரும்பினார். பல நாள் கழித்து அவர் முகத்தில் வெளிச்சம். "பாத்தியா பட்டதாரி! நான் சந்தேகப்பட்டது வீண் இல்ல!"

அதன் பிறகு இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். ஜெப நேரத்தில் தீவில் எல்லா ஊரும் போனை மூடி வைத்திருக்கும். அந்த நேரம் பெட்டி ஒதுங்கினாலும் கடல் கேபிள் தாங்கும். ஆகவே மணி அடித்ததும் பெட்டியை நாங்களே முறையாக ஒதுக்குவது, ஜெபம் முடிந்து அறை குளிர்ந்ததும் திரும்பச் சேர்ப்பது. அதற்கான பொத்தானைச் சிட்னி எங்களிடம் கொடுத்தது. பெட்டியின் சூடு இனி இரண்டு பக்கமும் தெரியும். காலைவரை காத்திருக்கும் விதியை எங்களுக்காகத் தளர்த்தினார்கள். சாப்பாட்டுக்கு முன்பே ஏசியைப் போட அலோய்சியோ ஒத்துக்கொண்டார். மாசினா அவர் வீட்டுக்காரிக்கு ஒரு பெட்டி மீன் டின் கொண்டுபோய்க் கொடுத்தார். டார்ச்சைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"பொத்தானையே குடுத்துட்டான்" என்று மட்டும் என்னிடம் முணுமுணுத்தார். "எதுக்குக் குடுத்தான்?"

பிள்ளைகள் ஞாயிறு வந்தது. காலையில் தீவு முழுக்க வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வசனம் சொன்னார்கள், நாடகம் போட்டார்கள். ஆக்லாந்து அத்தைகள் போனில் அழுதார்கள். மதியம் வரை நெரிசல் இல்லை. சாயங்காலம்தான் சோதனை. முதலாளி கோயில் உடுப்போடு ஆபீஸுக்கு வந்து மாசினாவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தார். திரையின் ஓரத்தில் கேரத், சிட்னியில் தன் வீட்டிலிருந்து.

மணி அடித்துவிட்டதென்று அலோய்சியோவின் பேரன் செய்தி அனுப்பினான். மாசினா பொத்தானை அமுக்கினார். பெட்டி ஒதுங்கியது. முதலாளி கண்ணை மூடி ஜெபித்தார். மாசினா மூடவில்லை. ஜெபம் முடிந்தது, ஏசி ஓடியது, சூட்டின் கோடு இறங்க ஆரம்பித்தது. அதற்குள் வீடுகளில் போன்கள் திறந்துகொண்டன. கடல் கேபிள் நிறைந்துகொண்டே வந்தது.

"இப்ப சேக்கலாமா?" என்றார் கேரத்.

"இன்னும் சூடு."

"அடைக்கப்போகுது மாசினா."

"என் அறை எனக்குத் தெரியும். பொறுங்க."

முதலாளி கண் திறந்தார். மாசினாவின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. பிறகு அமுக்கினார்.

நீண்ட நேரம்போல் எதுவும் நடக்கவில்லை. "உங்க பக்கம் என்ன?" என்றார் மாசினா. "ஏத்துக்கிட்டோம். பாருங்க" என்றார் கேரத். முதலில் வடக்குக் கரை ஊர்கள், அடுத்து எங்கள் ஊர், கடைசியாகத் தெற்கு, ஒவ்வொன்றாகச் சிட்னியை விட்டுத் தகர அறைக்குத் திரும்பின. கேபிளின் கோடு சரிந்தது. கீழே டயர் கடைக்காரர் வீட்டில் ஒரு பிள்ளை, ஆக்லாந்தில் யாருக்கோ தன் வசனத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் எங்கும் அறுபடவில்லை.

முதலாளி எழுந்து, தான் கொண்டுவந்திருந்த, தேங்காய்ப்பாலில் கீரை வேகவைத்த பாலுசாமித் தட்டை மாசினாவின் மேஜையில் வைத்தார். "சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாசினா தட்டைத் தூக்கி மோந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

மாசினா இப்போதும் சாலெலொலொகாவில், அதே டயர் கடை மாடியில்தான் வேலை செய்கிறார். பெட்டி அதே தகர அறையில் இருக்கிறது. நேரம் வந்தால் தானே அமுக்கிக்கொள்ளும்படி பொத்தானை மாற்றித் தருவதாக நானும் கேரத்தும் பல தடவை சொல்லிவிட்டோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் மணி அடித்ததும் அவரேதான் அமுக்குகிறார்.